பாத்தி மண் லோங்காங்குக்குப் போகாமல் இருக்க

போன டிசம்பரில் ஒரு மத்தியானம், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில், வெண்டைப் பாத்தியில் கோழி எரு உருண்டைகளைத் தாராளமாகத் தூவிவிட்டு வீட்டுக்குப் போனேன். மூன்று மணிக்குப் பிடித்த மழை அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. இறங்கி வந்து பார்த்தால், பாத்தி ஓரமாகத் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் தண்ணீர் ஓடி நேரே லோங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) விழுந்துகொண்டிருந்தது. எருவும் போச்சு, மண்ணும் போச்சு.

லோங்காங்கைச் சாக்கடை என்றே பலர் நினைக்கிறார்கள். இங்கே கழிவுநீருக்குத் தனிக் குழாய் உண்டு, லோங்காங் மழைநீருக்கு. தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங் மோ கியோவில் எங்கள் புளோக் பக்கம் பெய்வது காலாங் ஆற்றில் சேர்ந்து மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அதாவது, சுத்தமாகி நம் குழாய்க்கே வரும் தண்ணீர். எருச்சத்து அங்கே போனால் பாசிக்குத்தான் விருந்து. கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் மழைநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் துகள் கலந்திருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சமூகத் தோட்டத்துப் பாத்தியை யார் வந்து அளக்கப்போகிறார்கள்? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், நல்ல மழையில் குடையோடு போய் நில்லுங்கள் (இடி இடித்தால் வேண்டாம்). தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போகிறது என்பது வெயிலில் தெரியாது. என் பாத்தியில் அது நான் தினமும் கால் வைத்து ஏறும் மூலை! அப்புறம், மண்ணை மேடாகக் குவிக்காதீர்கள். பாத்தியைச் சுற்றியுள்ள சட்டத்தின் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே நிறுத்தினால் மழை உள்ளேயே தேங்கி ஊறும்.

பாதி வேலையைச் செய்வது மூடாக்குதான், அதாவது மண்ணின் மேல் பரப்பும் இலை, நார்ப் போர்வை. வெறும் மண்ணில் மழைத்துளி அறைந்தால் மண் தெறித்து, மேலே பொருக்காக இறுகிவிடும். பிறகு தண்ணீர் இறங்காது, ஓடும். தூங்குமூஞ்சி மரத்து இலை சும்மா கிடைக்கிறதே என்று முதலில் அதை மட்டும் பரப்பினேன். பொடி இலை, முதல் மழையிலேயே மிதந்து போய்விட்டது. இப்போது அடியில் அந்த இலை, மேலே நான்கு விரல் கனத்துக்கு முரட்டுத் தென்னை நார். பள்ளமான ஓரத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டுவிட்டேன். அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், இலை பொரியலுக்கு ஆகும்.

எருவைத் தூவாமல், செடிக்கு ஒரு சாண் தள்ளிக் குழி பறித்து, ஒரு கைப்பிடி போட்டு மூடுங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேண்டாம். மண்வெட்டியைப் பாத்தியிலேயே கழுவுங்கள். வாளி, தொட்டித் தட்டு எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள், கொசு வரும்.

போன வாரம் பெரிய மழை. குடையோடு போய்ப் பார்த்தேன். தே தாரிக் போய், மெல்லிய தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறம்தான். அந்த மூலையில் மட்டும் கொடி இன்னும் வேர் பிடிக்கவில்லை.