நோயாளியிடம் ஸ்பானிஷ் பேச: தமிழ் வாய் போதும், தமிழ் எழுத்து வேண்டாம்

இருமல் இருக்கிறதா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தியெனே தோஸ்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நோ, த்ரேஸ்" என்றார். த்ரேஸ் என்றால் மூன்று. சரி, மூன்று நாளாக இருமல் என்று எழுதிக்கொண்டேன். பிறகு போனில் வந்த இன்டர்பிரெட்டர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பெரியவருக்கு இருமலே இல்லை. கூட வந்திருந்த மகளைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு இரண்டா?" என்று கேட்கிறேன் என நினைத்து, "இல்லை, மூன்று பிள்ளைகள்" என்று சொல்லியிருக்கிறார்.

ஸ்பானிஷில் இருமலும் இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒன்று வல்லின ஒலியில் தொடங்கும், மற்றது மெல்ல அதிரும் ஒலியில். என் நோட்டில் இரண்டையுமே "தோஸ்" என்று எழுதி வைத்திருந்தேன், அதுதான் வினை. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். அங்கே மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இந்த மொழியைக் கற்க ஆசைப்படுகிறார்கள். நர்ஸான நான் தட்டுத்தடுமாறிக் கற்ற வழி இது. வாழ்த்துவது, எண்கள், நிகழ்கால வினை எல்லாம் ஏதாவது ஒரு செயலியில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்

ஸ்பானிஷ் பாடம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கிடைக்கும். பாடம் அப்படி இருக்கட்டும், மனசுக்குள் தமிழிலிருந்து போங்கள். "மே துவேலே லா கபேசா" என்ற வாக்கியத்தில் ஆங்கிலக்காரர்கள் வாரக்கணக்கில் திணறுவார்கள். தலை எனக்கு வலியைச் செய்கிறதா, நான் தலையை வலிக்கிறேனா என்று குழப்பம். நமக்கு என்ன குழப்பம்? எனக்கு, வலிக்கிறது, தலை. "எனக்குப் பிடிக்கும்", "எனக்குப் பயமாக இருக்கிறது" எல்லாவற்றுக்கும் அங்கேயும் அதே "எனக்கு" உண்டு.

வினையின் வாலைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடுவதால் "நான்" சொல்லத் தேவையில்லை. "தூங்குகிறேன்" என்றால் போதும், "துவெர்மோ" என்றாலும் போதும். நீ, நீங்கள் வித்தியாசமும் அப்படியே இருக்கிறது: தூ, உஸ்தெத். நோயாளியிடம் எப்போதும் உஸ்தெத்தான். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மக்கள் தங்களுக்குள் நீ என்பதற்கு "வோஸ்" போடுவார்கள், கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். வேலைக்கு "நான்" வடிவமும் "நீங்கள்" வடிவமும் வாயில் நின்றாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஏவல் மட்டும் தனியாகப் பழகவேண்டும். "ஆப்ரா லா போகா" என்றால் வாயைத் திறங்கள், "ரெஸ்பீரே" என்றால் மூச்சு விடுங்கள். "ரெஸ்பீரா" என்றால் அது "மூச்சு விடு". பெரியவர்களிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

உச்சரிப்பிலும் நமக்கு ஆதாயம்தான். அவர்களுடைய த நம்முடைய த போலப் பல்லில் தொடும். ப, கவில் காற்று வெடிக்காது. வயதைக் கேட்கும் "குவாந்தோஸ் ஆஞோஸ் தியெனே?" என்ற கேள்வியில் வருவது அச்சு அசலாக நம் ஞ. அங்கே ஞவுக்குப் பதில் ன போட்டுவிட்டால் "உங்களுக்கு எத்தனை ஆசனவாய்?" என்று கேட்டதாகிவிடும். ஞாயிறு, ஞானம் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த மன்னிப்பு கிடைக்காது.

படி 2: நோட்டில் தமிழ் எழுத்து வேண்டவே வேண்டாம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வாய்க்கு வருவது எழுத்தில் வராது. நம் எழுத்தில் ப ஒன்றுதான், த ஒன்றுதான், க ஒன்றுதான். எடை, முத்தம் இரண்டுமே நோட்டில் "பேசோ" ஆகிவிடும். எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இருமல், இரண்டு கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இந்தப் பதிவில் தமிழில் எழுதியிருப்பதெல்லாம் அடையாளத்துக்கு மட்டும். இதைப் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம்.

நான் மாற்றிக்கொண்ட முறை இது. சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி செயலியில் அட்டை போடும்போது முன்பக்கம் எழுத்தே கிடையாது, ஒலி மட்டும். பின்பக்கம் தமிழ்ப் பொருளும் ஸ்பானிஷ் எழுத்தும். காதில் கேட்டு, திரும்பச் சொல்லி, அப்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். இருமல், இரண்டு இரண்டையும் அடுத்தடுத்து வரும்படி வைத்தேன். ஒரு வாரத்தில் காது பிரித்துவிட்டது.

எண்களுக்கும் இதே வைத்தியம். அறுபது செசெந்தா, எழுபது செதெந்தா. நடுவில் ஒரே ஒரு ஒலிதான் வேறு, வேகமாகச் சொல்லும்போது அதுவும் கரைந்துவிடும். வீட்டில் பார்த்த சர்க்கரை 160ஆ 170ஆ, பிறந்த வருடம் 1960ஆ 1970ஆ? இன்றுவரை நான் எண்ணைக் காதால் மட்டும் வாங்குவதில்லை. எழுதிக் காட்டி, "இதுதானே?" என்று கேட்டுவிடுவேன்.

செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. டுவோலிங்கோ தினமும் உட்கார வைக்கும், அவ்வளவுதான். ஆமை பால் குடிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொள்வீர்கள். லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற இலவச ஒலிப்பாடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், இலக்கணத்தை யோசிக்க வைத்துச் சொல்லித்தரும். மருத்துவச் சொல்லுக்கு மெட்லைன்பிளஸ் தளத்தின் ஸ்பானிஷ் பக்கம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம். ஒரே நோயை ஆங்கிலப் பக்கத்திலும் ஸ்பானிஷ் பக்கத்திலும் மாறி மாறிப் படிக்கலாம்.

படி 3: மொழி புழங்கும் இடத்தில் போய் உட்காருங்கள்

ஸ்பானிஷ் படிக்க நான் போனது குவாத்தமாலாவில் உள்ள கெட்சால்தெனாங்கோ என்ற ஊர். ஊர்க்காரர்கள் ஷேலா என்பார்கள். சுமார் 2,300 மீட்டர் உயரம், இரவில் குளிர் பிடுங்கும், ஸ்வெட்டர் கட்டாயம். அதே நாட்டில் ஆன்டிகுவா என்ற ஊரிலும் ஸ்பானிஷ் பள்ளிகள் நிறைய, ஆனால் அங்கே சுற்றுலாப் பயணிகள் கூட்டத்தில் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இந்த ஊர்களில் வழக்கம் என்னவென்றால் ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். காலையில் நாலைந்து மணி நேரம் பாடம், தங்குவது ஒரு குடும்பத்தோடு.

நான்கு வாரம், 100 மணி நேரம் போல ஆனது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி, ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்கு வர சுமார் 600, 700 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதனால் ஒரு மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். போவதற்கு முன் மூன்று மாதமாவது வீட்டில் படித்துவிட்டுப் போனால்தான் அந்த 100 மணி நேரம் உருப்படியாகும்.

மருத்துவ ஸ்பானிஷுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. உடல் உறுப்புப் பட்டியலைப் பள்ளிக்கூடம் தரும், அது வீட்டிலேயே கிடைக்கும். நான் என் வேலையில் கேட்கும் கேள்விகளை ஒரு வெற்றுப் படிவமாகக் கொண்டுபோனேன். ஆசிரியையிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நீங்கள்தான் நோயாளி. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாதீர்கள்." அந்த அம்மா பிய்த்து உதறிவிட்டார். எப்போதிலிருந்து வலி என்று கேட்டால் மருமகளோடு நடந்த சண்டையில் ஆரம்பிப்பார். கேள்வி நாலு சொல், யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். பதில்தான் வெள்ளமாக வரும். அந்த வெள்ளத்தில் நிற்கப் பழகுவதற்குத்தான் ஊர்விட்டு ஊர் போவது.

வெள்ளத்தை நிறுத்த மூன்று துடுப்பு: "ஓத்ரா வேஸ், மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்றால் இன்னொரு முறை, மெதுவாக. "கோன் உன் தேதோ" என்றால் ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். மூன்றாவது, புரிந்ததை நீங்களே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்பது.

ஒன்று சொல்ல வேண்டும். சில இடங்களில் கிளினிக்கில் தன்னார்வ வேலை தருகிறோம் என்று அழைப்பார்கள். போய் ஓரமாக நின்று கேளுங்கள். அந்த நாட்டு உரிமம் இல்லாமல் யாருக்கும் ஊசி போடவோ மருந்து சொல்லவோ கூடாது. உங்கள் மொழிப் பயிற்சிக்கு அவர்கள் உடம்பு பலகை இல்லை.

படி 4: வலிக்கு எத்தனை சொல்

நான் தங்கிய வீட்டில், ஒரு நாள் சாயங்காலம் அடுப்படியில் வீட்டம்மாவுடன் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போய் எறும்பு ஊர்வதுபோல் இருப்பதற்கு என்ன சொல் என்று கேட்கத் தெரியவில்லை. காலைத் தடவிக் காட்டினேன், முகத்தைச் சுளித்தேன். அவர் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலை என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை குட்டிக் குட்டியாக நடக்க விட்டார். "ஒர்மிகேயோ" என்றார். அப்புறம் சுவரில் போய்க்கொண்டிருந்த எறும்பைக் காட்டி "ஒர்மிகா" என்றார். அவர்களுக்கும் எறும்புதான்!

அன்றிலிருந்து தமிழில் வலிக்கு உள்ள சொற்களை ஒவ்வொன்றாக அவர் முன்னால் நடித்துக் காட்டுவேன். எரிச்சலுக்கு ஆர்தோர், சுருக்கென்று குத்துவதற்குப் புன்சாதா, வயிற்றை முறுக்குவதற்கு ரெதோர்திஹோன். கடைசிச் சொல்லிலும் முறுக்குதல் என்ற பொருளே ஒளிந்திருக்கிறது. "வலி எப்படி இருக்கிறது?" என்று மொட்டையாகக் கேட்டால் நோயாளி முழிப்பார். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக நீட்டினால் டக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொள்வார்.

நோய்ப் பெயரிலும் புத்தகச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. பலர் நீரிழிவு என்று சொல்வதில்லை. "தெங்கோ அசூகார்" என்பார்கள், அதாவது எனக்குச் சர்க்கரை இருக்கிறது. "மால் தே ஓஹோ" கண் பட்டது. "சுஸ்தோ" பயந்ததால் வந்த கோளாறு. அதனால்தான் சர்க்கரை வந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, அதற்கு என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மாத்திரையோடு சேரக் கூடாத ஏதாவது கஷாயம் அங்கேதான் வெளியே வரும்.

ஆங்கிலச் சாயல் உள்ள சொற்களிடம் ஜாக்கிரதை. "எம்பராசாதா" வெட்கப்பட்டவள் இல்லை, கர்ப்பிணி. "கோன்ஸ்திபாதோ" ஸ்பெயினில் சளி பிடித்தவர், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் மலச்சிக்கல். மருந்து லேபிளில் ஒரு முறை என்பதற்கு ஆங்கிலத்தில் "ஒன்ஸ்" என்று இருப்பதை ஸ்பானிஷ்காரர் படித்தால் "ஓன்சே". பதினொன்று!

படி 5: எங்கே வாயை மூடுவது

1980இல் ஃப்ளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவனை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் "இன்தோக்சிகாதோ" என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொன்னதன் பொருள். கேட்டவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. பையனுக்குக் கைகால் நான்கும் செயலிழந்தன. இழப்பீட்டுத் தொகை சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. இன்டர்பிரெட்டரை யாரும் அழைக்கவில்லை. பேசியது புரிந்துவிட்டது என்று நினைத்ததால் நடந்த தவறு இது.

அதனால் என் எல்லைக்கோடு இதுதான். வணக்கம் சொல்வது, எடை, பி.பி. பார்ப்பது, எங்கே வலி என்று கேட்பது, பயத்தைத் தணிப்பது எல்லாம் என் ஸ்பானிஷில். ஒப்புதல் கையெழுத்து, நோய் என்ன என்று சொல்வது, மருந்தின் அளவு, வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் அறிவுரை எல்லாவற்றுக்கும் இன்டர்பிரெட்டர். அமெரிக்கச் சட்டப்படி அது நோயாளிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டிய உரிமை. கூட வந்த பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லவும் கூடாது, உயிர் போகிற அவசரம் என்றால் ஒழிய. நீங்களே முழுதும் பேச வேண்டுமென்றால் வேலையிடத்தில் மொழித் தேர்ச்சித் தேர்வு எழுதித் தகுதி பெறுங்கள்.

பின்சேர்க்கை 1: ஃப்ளோரிடாவில் இருக்கும் ஒரு வாசகி, "குவாத்தமாலா போய் வந்தேன், இங்கே கியூபாக்காரர் பேசுவது ஒன்றும் புரியவில்லை" என்று எழுதியிருந்தார். நியாயம்தான். குவாத்தமாலாவில் நிதானமாக, தெளிவாகப் பேசுவார்கள். கியூபா, டொமினிகன் குடியரசு, போர்ட்டோ ரிக்கோ பக்கம் சொல் முடிவில் வரும் ஸ்ஸை விழுங்கிவிடுவார்கள். ஏறக்குறைய என்று பொருள்படும் "மாஸ் ஓ மெனோஸ்" அங்கே "மா ஓ மெனோ". உங்கள் நோயாளிகள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த நாட்டு வானொலியைத் தினமும் அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

பின்சேர்க்கை 2: இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். குவாத்தமாலாவில் அங்கீகாரம் பெற்ற, பூர்வகுடி மக்களின் மாயா மொழிகளே 22 இருக்கின்றன. அங்கிருந்து வரும் எல்லோருக்கும் ஸ்பானிஷ் தாய்மொழி இல்லை. நான் கேட்டதற்கெல்லாம் "சீ, சீ" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிய ஒரு பெண், அந்த மாயா மொழிகளில் ஒன்றான மாம் மொழி பேசுபவர் என்பது மூன்றாவது முறை வந்தபோதுதான் தெரிந்தது. "கே இதியோமா ஆப்லா என் சு காசா?" என்று, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்பதை முதல் கேள்வியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாம் மொழிக்கு ஆள் கிடைத்தாலும் பல சமயம் மாமிலிருந்து ஸ்பானிஷுக்கு ஒருவர், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொருவர் என்று இரண்டு பேர் போனில் இருப்பார்கள். அப்பாயின்ட்மென்டை இரட்டை நேரத்துக்குப் போடச் சொல்லிவிடுங்கள்.