‘ஐ’ ஒட்டிப் பார், ‘நேற்று’ வைத்துப் பார்: சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வகை நடத்த

நாலாம் வகுப்புக்கு முதன்முதலில் சொல்வகை நடத்தியபோது நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். “ஒன்றன் பெயரைக் குறிப்பது பெயர்ச்சொல், ஒரு செயலைக் குறிப்பது வினைச்சொல்” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, ராகம் போட்டு ஒப்பிக்க வைத்து, திருப்தியாக வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் ‘ஓட்டம்’ என்ன சொல் என்று கேட்டால் மொத்த வகுப்பும் “வினைச்சொல்!” என்றது. பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை. ஓடுவது செயல்தானே, நான் கொடுத்த வரையறைப்படி அதுதான் சரியான பதில்.

அன்றோடு வரையறையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். பிள்ளைகள் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிறார்கள், இலக்கணம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது, அதை அவர்களே பிடிக்கும்படி ஒரு சோதனை கொடுத்தால் போதும்.

முதல் சோதனை ‘ஐ’. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பெரிதாக ‘ஐ’ என்று எழுதி ஒரு பிள்ளை கையில் கொடுங்கள். நீங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டும், அவள் ‘ஐ’ சேர்த்து “பார்த்தேன்” என்று முடிக்க வேண்டும். மரம்: மரத்தைப் பார்த்தேன். பஸ்: பஸ்ஸைப் பார்த்தேன். நீ: உன்னைப் பார்த்தேன். கவனியுங்கள், எந்தப் பிள்ளையும் ‘மரமை’ என்றோ ‘நீயை’ என்றோ சொல்லாது. யாரும் சொல்லித்தராமலே சரியாக வரும். அழகு, கோபம் மாதிரி கண்ணுக்குத் தெரியாததும் இதில் மாட்டும், ‘ஓட்டத்தைப் பார்த்தேன்’ என்று நம்ம ஓட்டமும் மாட்டும். இப்போது ‘ஓடினான்’ என்று சொல்லிப் பாருங்கள். “ஓடினானைப் பார்த்தேன்” என்று ஒருவன் சொல்வான், வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் பாடம். ஒட்டினால் பெயர்ச்சொல், சிரிப்பு வந்தால் இல்லை. கிழமை, மாதம் போன்றவற்றுக்கு ‘ஐ’ கொஞ்சம் இடறும், அங்கே மட்டும் ‘கு’ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: திங்கட்கிழமைக்கு, தை மாதத்துக்கு.

வினைக்கு நேற்று, இப்போது, நாளை என்று மூன்று அட்டை. ‘சாப்பிடு’ என்றால் நேற்று சாப்பிட்டேன், இப்போது சாப்பிடுகிறேன், நாளை சாப்பிடுவேன் என்று சொல் உருமாறும். ‘ஓட்டம்’ எந்த அட்டைக்கும் அசைந்து கொடுக்காது. காலத்துக்குத் தக்கபடி மாறுவது வினை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். “டைப் பண்ணினான் என்ன டீச்சர்?” என்று கேட்டால் மடக்க வேண்டாம். மாறுவது எது, டைப்பா பண்ணினானா என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: இல்லை, வேண்டும், போதும் போன்றவை இந்தச் சோதனையில் வழுக்கும், ஆகவே முதல் வாரத்து வாக்கியங்களில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ‘ஓடு’ என்று மட்டும் எழுதி என்ன சொல் என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, “எங்க வீட்டு மேல இருக்கிற ஓடா டீச்சர், ஓடுற ஓடா?” என்றாள். சில சொற்களுக்குத் தனியாக நின்றால் வகை சொல்ல முடியாது, வாக்கியத்தில் வைத்தால்தான் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. ஆடு, படி, கல், அணி எல்லாம் இப்படி இரண்டு வேஷம் கட்டுபவை. “படியில் உட்கார்ந்து பாடம் படி”, “ஆடு ஆடுகிறது” மாதிரி ஆளுக்கு ஒரு வாக்கியம் செய்துவரச் சொன்னால், அடுத்த நாள் வகுப்பு தானாக நடக்கும்.

என்றைக்காவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ‘வந்தவன்’ என்று கொண்டுவந்து நீட்டும். வந்தவனைப் பார்த்தேன், ‘ஐ’ ஒட்டுகிறது. வந்தவன், வருகிறவன், வருபவன், காலமும் மாறுகிறது. தப்பு என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள். அது வினையாலணையும் பெயர், அதாவது வினையிலிருந்து பிறந்து அதைச் செய்தவருக்குப் பெயராக நிற்பது, பெரிய வகுப்பில் வரும், நீ இப்போதே கண்டுபிடித்துவிட்டாய் என்று ஒரு சபாஷ் போடுங்கள்.

இந்த இரண்டுக்கே இரண்டு மூன்று வாரம் கொடுக்கலாம், நேரம் வீண் என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியமே பெயர், வினை இரண்டையும்தான் முதலில் வைக்கிறது. மற்ற இரண்டு வகையான இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருபவை.

இடைச்சொல்லுக்கு ஒரே வாக்கியம் போதும். ‘அக்கா தோசை தின்றாள்.’ இதில் ஒரு ‘உம்’ கொடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கச் சொல்லுங்கள். அக்காவும் தோசை தின்றாள் என்றால் வேறு யாரோ ஏற்கெனவே தின்றிருக்கிறார்கள். அக்கா தோசையும் தின்றாள் என்றால் இட்லி முன்னாடியே போயிருக்கிறது. அப்புறம் ‘ஆ’, ‘தான்’: அக்காவா தின்றாள்? அக்காதான் தின்றாள்! தனியாக நின்றால் ஒன்றும் இல்லாத குட்டிச் சொல், ஒட்டிக்கொண்டதும் கதையையே மாற்றுகிறது. ‘ஐ’ அட்டையும் இந்தக் கூட்டம்தான் என்று அப்போது சொல்லுங்கள், முகங்களைப் பாருங்கள்.

உரிச்சொல், அதாவது பெயரையோ வினையையோ சார்ந்து அதன் பண்பை உணர்த்தும், பெரும்பாலும் செய்யுளில் வரும் சொல். இதில் நிறைய நேரம் போட வேண்டாம். சாலச் சிறந்தது, மாநகரம், உறுதுணை என்று இன்றும் புழங்கும் மூன்று நான்கைச் சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இங்கிலீஷ் வகுப்பில் அட்ஜெக்டிவ் படித்துவிட்டு வரும் பிள்ளை, “அழகான பூ” என்பதில் ‘அழகான’ உரிச்சொல் என்று எழுதும், வீட்டில் பெற்றோரும் சரி என்பார்கள். அது பெயரடை, பெயருக்கு முன்னால் நின்று அதை விவரிக்கும் சொல். அழகு என்ற பெயரோடு ‘ஆன’ சேர்ந்தது, அவ்வளவுதான். ‘அழகு’க்கு ‘ஐ’ அட்டையைக் காட்டச் சொன்னால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.