கசியும் அணைக்கரை: நாம் செய்யும் தவறுகள்

பவானிசாகர் அணை நீர் பாயும் கீழ்பவானிப் பாசனப் பகுதியில் கசிவுநீர் என்றால் யாருக்கும் பயமில்லை. மண் வாய்க்காலில் கசிந்தால்தான் கிணறு ஊறும் என்று, கான்கிரீட் போடுவதை எதிர்த்துப் போராடியவர்கள் நம் விவசாயிகள். அதே நினைப்பில் அணைக்கரையின் அடியில் ஈரத்தைப் பார்த்தாலும் 'ஊத்துத் தண்ணிதானே' என்று நடந்துவிடுகிறோம்.

பாதி சரிதான். மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்த நீர் வெளியேறவே கரையடியில் வடிகால் இருக்கிறது. தவறு, அளவை மட்டும் பார்த்து நிறத்தை விட்டுவிடுவது. தெளிந்த நீர் அணை மட்டத்தோடு ஏறி இறங்கினால் கவலையில்லை. கலங்கி வந்தால், கரைக்குள்ளிருந்து மண் அரிபடுகிறது என்று பொருள். மட்டம் ஏறாதபோது கசிவு மட்டும் கூடினாலும் சந்தேகப்பட வேண்டும். பழைய அணைகளில் மதகுக் குழாய் கரையைக் கடக்கும் இடம்தான் இதற்குப் பேர்போனது. அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள். நண்பகலுக்குள் கரை உடைந்துவிட்டது. அது பழைய அணைகூட இல்லை, முதல்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த அணை.

இதைவிட மோசம், கசியும் வாயைக் களிமண்ணால் அடைப்பது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் அடைபட்ட நீர் கரைக்குள் அழுத்தமாகச் சேர்ந்து வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். முதலில் அணைப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் மணல், அதன்மேல் சல்லி என்று அடுக்குவார்கள்: தண்ணீர் போகும், மண் நிற்கும்.

கரைச்சரிவில் வேம்பு நட்டு 'பசுமை' செய்வதும் வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் நீருக்கு வழியாகிவிடும். அதற்காக வளர்ந்த மரத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்குவதும் ஆபத்து. புல் போதும். எலி வளை, முள்ளம்பன்றி வளை கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், ஆண்டுதோறும் கேட்கும் புலம்பல்: பவானிசாகர் 105 அடி, 102-லேயே ஏன் திறந்துவிடுகிறார்கள்? அக்டோபர் வரை 102 அடிதான் விதி, நவம்பரிலிருந்துதான் 105. திடீரென்று வெள்ளம் வந்தால் வாங்கிக்கொள்ள அந்த இடம் வேண்டும். கல் அணை மேல் நீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கும். மண் கரையைத் தாண்டி வழிந்தால் வெளிச்சரிவு கரைந்து போகும். வேடசந்தூர் அருகே குடகனாறு அணை 1977 வெள்ளத்தில் அப்படித்தான் போயிற்று.

அதே சமயம், நிரம்பிய அணையை மளமளவென்று இறக்கச் சொல்வதும் தப்பு. ஊறிய உட்கரையைத் தாங்கி நிற்பதே எதிரே இருக்கும் தண்ணீர்தான். அது சட்டென்று இறங்கினால், பதித்த கல்லோடு கரை சரியும்.