பிராசஸர் பற்றி எழுதும்போது ‘வேகம்’, ‘திறன்’ தரும் குழப்பம்

‘இந்தச் செயலி வேகமானது’ என்று எழுதினால், போனில் நிறுவும் ஆப்பைச் சொல்கிறீர்களா, உள்ளே இருக்கும் சிப்பையா? ‘செயலி’ தமிழில் இரண்டுக்கும் ஓடுகிறது. ஆப் என்ற பொருள்தான் இப்போது முந்தி நிற்கிறது. சிப்புக்குப் ‘பிராசஸர்’ என்றோ ‘நுண்செயலி’ என்றோ எழுதுங்கள். எடுத்த சொல்லை நடுவில் மாற்றாதீர்கள்.

பெரிய தொல்லை ‘வேகம்’தான். 3.8 கிகாஹெர்ட்ஸ் என்பது, சிப்பின் வேலைக்குத் தாளம் தரும் கிளாக் நொடிக்கு 380 கோடி முறை துடிக்கிறது என்று பொருள். ஒரு துடிப்பில் எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பதை அந்த எண் சொல்லாது. 2004 இறுதியில் வந்த இன்டெலின் பென்டியம் 4 570-க்கு 3.8 கிகாஹெர்ட்ஸ், 2006-இல் வந்த அதே நிறுவனத்தின் கோர் 2 டுயோ இ6600-க்கு 2.4 தான். ஆனாலும் பெரும்பாலான வேலைகளைப் பின்னதுதான் முதலில் முடித்தது. பழையதன் பைப்லைன், அதாவது ஒரு கட்டளை படிப்படியாகக் கடக்கும் பாதை, 31 படி நீளம். கட்டளை எந்தக் கிளையில் போகும் என்ற கணிப்பு பிசகினால், பாதி வழி வந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். புதியதில் 14 படிதான். ஆகவே கிகாஹெர்ட்ஸைக் ‘கிளாக் அதிர்வெண்’ என்றே சொல்லுங்கள். அதுவும் அடிப்படை அளவா, தேவைப்படும்போது மட்டும் எட்டும் டர்போ உச்சமா என்று சேர்த்து.

ஒரு வேலை முடிய ஆகும் நேரம் வேறு, நொடிக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கை வேறு. ஒரு கோர் (சிப்புக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி) ஒரு வீடியோ கோப்பை வேறு வடிவத்துக்கு 10 நிமிடத்தில் மாற்றுகிறது என்றால், மெமரி தடையாகாதவரை 4 கோர்கள் அதே 10 நிமிடத்தில் 4 கோப்புகளை மாற்றும். மென்பொருள் வேலையைக் கோர்களுக்குப் பிரித்துத் தராவிட்டால், ஒற்றைக் கோப்பு இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடாது. 4 கோர் × 3 கிகாஹெர்ட்ஸ் = 12 என்று பெருக்கிப் போடும் விற்பனைக் கணக்கு இந்த வேறுபாட்டைத்தான் மறைக்கிறது.

கோர், திரெட் (சிப் ஒரே நேரத்தில் கையாளும் கட்டளை வரிசை) இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இன்டெலின் ஐ7-7500யு-வில் 2 கோர், 4 திரெட். ஐ5-7400-இல் 4 கோர், 4 திரெட். வெறுமனே ‘ஐ7’ என்றால் எதுவும் தெரியாது. முழு மாடல் எண் வேண்டும்.

‘திறன்’ இன்னும் வழுக்கும். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் வாட்டில் அளப்பது திறன். இலங்கையில் அதுவே வலு. இதனிடையே பெர்ஃபார்மன்ஸுக்குச் செயல்திறன் என்றும், மின்சிக்கனத்துக்குத் திறன் என்றும் எழுதினால் மூன்றும் கலந்துவிடும். ஐ9-12900கே-யில் இருப்பவை கடும் வேலைக்கான 8 பி-கோர், மின்சிக்கனத்துக்கான 8 இ-கோர். அப்படியே விடுங்கள், ‘செயல்திறன் கோர்’, ‘திறன் கோர்’ என்று பெயர்க்க வேண்டாம். வாட்டுக்கு ‘மின்நுகர்வு’ போதும். அதே சிப்புக்கு இன்டெல் தருவது 125 வாட் அடிப்படை, 241 வாட் டர்போ உச்சம். முதல் எண்ணை மட்டும் பார்த்து கூலர் வாங்கினால், கடும் வேலையில் சூடேறி கிளாக் இறங்கும்.

சதவீதத்தில் சறுக்காதவர் குறைவு. 100 விநாடி வேலை 50 விநாடியில் முடிந்தால் நேரம் 50% குறைந்தது. வேகம் கூடியது 100%. ‘50% வேகம் கூடியது’ என்றால் 67 விநாடி என்று பொருள். ‘இரண்டு மடங்கு அதிகம்’ என்பதைச் சிலர் இரண்டாகவும் சிலர் மூன்றாகவும் படிப்பார்கள். ‘100 விநாடி 50 ஆனது’ என்று எழுதினால் சிக்கலே இல்லை. லேப்டாப் என்றால் வாட் வரம்பையும் போடுங்கள்: ஒரே சிப்பை ஒரு மாடலில் 15 வாட்டுக்கும் இன்னொன்றில் 25 வாட்டுக்கும் அமைத்திருப்பார்கள், முடிவுகள் ஒத்துப்போகாது.