ஹெட் போல்ட் கழலவில்லையா? முதலில் தலையில் நாலு தட்டு

இறுகிப்போன சிலிண்டர் ஹெட் (என்ஜினின் மேல்மூடி) போல்ட்டில் நெம்பு கம்பியைப் போட்டு இழுக்கும் முன், அதன் தலை நடுவில் தடித்த பித்தளைப் பன்ச்சை (சுத்தியல் அடியை வாங்கும் உருளைத் தண்டு) நேராக வைத்து, ஒரு கிலோ சுத்தியலால் மூன்று நான்கு முறை ஓங்கித் தட்டுங்கள். பிறகு ஆறுமுனை சாக்கெட்டும் அதைத் திருப்ப நீளமான பிரேக்கர் பாரும் (கைப்பிடிக் கம்பி) போட்டு, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக அழுத்தம் கொடுங்கள். ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கும்.

போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு தலைக்கும் வாஷருக்கும் இடையிலான உராய்வும், மரையில் பிடித்த துருவும்தான். அடியின் அதிர்ச்சி இரண்டையும் உடைத்துவிடுகிறது. மேலிருந்து ஊற்றும் துரு இளக்கும் எண்ணெய் அடியில் உள்ள மரை வரை பெரும்பாலும் இறங்குவதே இல்லை. அதை நம்பி இரவெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

உள்பள்ளம் உள்ள டார்க்ஸ் (நட்சத்திர வடிவம்), ஆலன் (அறுகோண வடிவம்) தலைகளில் பன்ச் வேண்டாம். பள்ளத்தில் உறைந்த எண்ணெய்க் கசடைக் கூர்முனையால் சுரண்டி எடுத்து, பள்ளத்தில் பொருந்தும் பிட்டையே அடிவரை இறங்கும்படி தட்டி ஏற்றுங்கள். பிட் அரைகுறையாக நின்றால் பள்ளம் வழித்துக்கொள்ளும். அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

என்ஜின் சூடாக இருந்தால் கையே வைக்காதீர்கள், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஆறிய பிறகு ஓரத்து போல்ட்டிலிருந்து நடுவை நோக்கி, முதல் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் கால் திருப்பு மட்டும். கழன்று வரும்போது கிறீச்சிட்டு மறுபடி இறுகினால் அரைத் திருப்பு உள்ளே விட்டு, எண்ணெய் விட்டு, திரும்ப வெளியே எடுங்கள். தலை ஏற்கெனவே வழவழத்துவிட்ட போல்ட்டுக்கு இந்த வழி உதவாது. அதற்குத் தலைமேல் நட்டு வைத்து வெல்டிங்தான்.