சீனம் வாசிக்கும் முதியவரின் கண்ணசைவை அளப்பது எப்படி?

சீன வாக்கியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஒரு கோட்டில் முடிகிற எழுத்தும் இருபது கோடுகள் கொண்ட எழுத்தும் ஒரே அளவுச் சதுரத்தில் அடங்கும். சொற்களில் பெரும்பாலானவை இரண்டெழுத்துச் சொற்கள். பரிசோதனையில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே கிளம்புகின்றன.

ஆங்கிலம் வாசிக்கும் முதியவர்கள் மெதுவாக வாசித்தாலும், இளையவர்களைவிடக் கண்ணை நீளமாகத் தாவவிட்டு அதிகச் சொற்களைத் தாண்டிப் போகிறார்கள் என்று, வாசிப்பின் கண்ணசைவை ஆய்ந்த ரேனர் குழுவினர் 2006-ல் எழுதினார்கள். சீனத்தில் படம் வேறு. தியான்ஜின் நார்மல் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வுகளில், முதியவர்களின் தாவல் குறுகியது. சொல்லைத் தாண்டுவது குறைந்தது. கண் ஓரிடத்தில் நிற்கும் நேரமும் பின்னோக்கிய தாவலும் கூடின. ஆகவே இங்கே உயிரான அளவு, சொல்லைத் தாண்டுவதுதான். கருவியின் சிறு பிழையில் முதலில் கெட்டுப்போவதும் அதுவே.

படி 1: ஆட்கள்

18–30 வயதில் 40 பேர், 65-க்கு மேல் 40 பேர். முதியவர்களுக்கு, நினைவும் சிந்தனையும் சீராக உள்ளனவா என்று பார்க்கும் மோகா பரிசோதனையின் பெய்ஜிங் வடிவத்தில் 30-க்கு 26-ஆவது வர வேண்டும். படித்த ஆண்டுகளை ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 1955-ல் பிறந்தவருக்குக் கலாச்சாரப் புரட்சி தொடங்கிய 1966-ல் வயது 11. பலருக்குப் பள்ளிப்படிப்பு அங்கேயே அறுந்துபோனது. பல்கலைக்கழக மாணவர்களோடு அவர்களை ஒப்பிட்டு, வந்த வித்தியாசத்தை எல்லாம் வயதின் கணக்கில் எழுதுவது பெரிய தவறு.

படி 2: வாக்கியங்கள்

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சோதனைச் சொல்; அதில் கண் என்ன செய்கிறது என்றுதான் அளக்கிறோம். அடிக்கடி வரும் சொல்லுக்கு 40 வாக்கியம், அரிதான சொல்லுக்கு 40. 40 பேர் வாசித்தால் ஒரு குழுவில் ஒவ்வொரு வகைக்கும் 1600 பதிவுகள் கிடைக்கும். நீளம் 15–20 எழுத்து. சோதனைச் சொல்லை முதல் மூன்று, கடைசி மூன்று எழுத்துகளில் வைக்காதீர்கள். இரண்டு வகைச் சொற்களுக்கும் கோடுகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும்.

சொல்லின் புழக்கத்துக்கு, திரைப்பட வசன வரிகளிலிருந்து எடுத்த சப்ட்லெக்ஸ்-சிஎச் பட்டியல் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ‘லியாங்பியாவ்’ என்றால் உணவு தானியக் கூப்பன். 1955 முதல் 1993 வரை புழங்கிய இந்தச் சொல் முதியவருக்கு வீட்டுச் சொல், இருபது வயதுக்காரருக்கு வரலாற்றுச் சொல். பரிசோதனையில் கலந்துகொள்ளாத 20 பேரை இரு வயதுக் குழுவிலிருந்தும் எடுத்து, 7 புள்ளி அளவில் பரிச்சய மதிப்பெண் வாங்குங்கள்.

சொல் எல்லையையும் பாருங்கள். ‘ஹுவா’ பூ, ‘ஷெங்ஜாங்’ வளர்தல். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் முதல் இரண்டெழுத்து சேர்ந்து ‘ஹுவாஷெங்’, அதாவது நிலக்கடலை, ஆகிவிடும். சோதனைச் சொல்லின் ஓரத்தில் இப்படி ஒன்று அமைந்தால், தயங்குவது அந்த இரட்டைப் பொருளாலா வயதாலா என்று பிரிக்க முடியாது.

படி 3: திரை

தூரம் 70 செ.மீ. அந்தத் தூரத்தில் பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரி திரையில் 1.22 செ.மீ. 24 அங்குல, 1920×1080 திரையில் அது 44 பிக்சல். எழுத்துக்கு அந்த அளவைக் கொடுங்கள், இரு குழுவுக்கும் ஒன்றே.

படி 4: கண்ணாடி, கேலிபரேஷன் (திரையின் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லிக் கருவியைச் சரிசெய்வது)

அவசரப்படக் கூடாத இடம் இது. எழுத்து ஒரு டிகிரி அகலம் என்றால், அரை டிகிரி பிழை பார்வையை எழுத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஆங்கிலத்தில் இடைவெளியும் நீளமான சொற்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சீனத்தில் அந்தப் பிழை பார்வையைப் பக்கத்துச் சொல்லில் போட்டு, நிஜமாகப் பார்த்த சொல்லைத் ‘தாண்டியது’ என்று பதிந்துவிடும். முதியவர்களிடம் இது கூடுதலாக நடந்தால், இல்லாத வயது வித்தியாசம் ஒன்று முளைக்கும்.

முதியவர் கொண்டுவரும் வாசிப்புக் கண்ணாடி 40 செ.மீ.க்கானது, 70 செ.மீ.யில் எழுத்து மங்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் அமைந்த புரோகிரசிவ் கண்ணாடி என்றால் முகத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும், தலை அசையாமல் வைக்கும் தாடைத்தாங்கி அதற்கு விடாது. தூரப்பார்வை சரியாக உள்ளவருக்கு +1.25, +1.50 சோதனை லென்ஸ்களை மாற்றிப் போட்டு, எது தெளிவு என்று கேளுங்கள். கண்ணாடியில் ஒளி பட்டுத் தெறித்தால் காதுப் பக்கக் காம்பைச் சற்றே உயர்த்துங்கள். தளர்ந்த மேலிமை கண்மணியை மறைத்தால் தாடைத்தாங்கியைக் கொஞ்சம் இறக்குங்கள். பார்வை மேல்நோக்கினால் இமையும் உயரும். கண் உலர்ந்தால், கருவி பின்தொடரும் விழிவெண்படலத்தின் ஒளிப்புள்ளி சிதறும். 20 வாக்கியத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

ஒற்றை வரிக்கு மூன்று புள்ளிக் கிடைமட்டக் கேலிபரேஷன் போதும். சராசரிப் பிழை 0.3 டிகிரிக்குள், எந்தப் புள்ளியிலும் 0.5-க்குள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் முதல் எழுத்தின் இடத்தில் சரிபார்த்து, நகர்ந்திருந்தால் மறுபடி செய்யுங்கள். கண்ணசைவைப் பதியும் கருவிகளில் ஐலிங்க் 1000 பிளஸ்ஸை விட்டு வேறெதையும் இந்த வேலைக்குச் சொல்ல மாட்டேன். வெப்கேம் மென்பொருள்களின் பிழை பல எழுத்துகளின் அகலத்துக்குப் போகும்.

படி 5: கணக்கு

80 மில்லிசெகண்டுக்குக் குறைந்த, 1200-க்கு மிஞ்சிய நிலைப்புகளை (கண் ஓரிடத்தில் நிற்பதை) நீக்குங்கள். நிலைப்புகளைக் கையால் மேலும் கீழும் நகர்த்துவது ஒற்றை வரியில் பரவாயில்லை. இடவலமாக ஒருபோதும் நகர்த்தக் கூடாது. பிறகு புள்ளியியல் கணக்குக்கு ஆர் மென்பொருளின் எல்எம்இ4 தொகுப்பு.

நேரங்களை மடக்கை எடுத்தும் எடுக்காமலும் ஓட்டுங்கள். அரிதான சொல்லில் இளையவர் 250-லிருந்து 300-க்கும், முதியவர் 350-லிருந்து 420-க்கும் போகிறார்கள் என்று வையுங்கள். மில்லிசெகண்டில் 50-க்கு எதிராக 70. விகிதத்தில் இரண்டும் 20 சதவீதமே; மடக்கை காட்டுவது இந்த விகிதத்தைத்தான். முதியவருக்குச் சொல்லின் அரிதான தன்மை அதிகம் உறைக்கிறது என்று எழுதுமுன், மடக்கையிலும் அது நிற்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: ஹாங்காங்கிலோ தைவானிலோ செய்வதானால் எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது. டிராகனைக் குறிக்கும் ‘லோங்’ எளிய வடிவில் 5 கோடு, மரபு வடிவில் 16. கோடுகளின் எண்ணிக்கையைப் புதிதாக எண்ணி, சொற்களைப் புதிதாக இணைசேர்க்க வேண்டும்.