வெப்பநிலையும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும்: பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பநிலை கூடக்கூடப் புழு வேகமாக வளரும். ஓர் எல்லையைத் தாண்டினால் வேகம் குறைந்து கடைசியில் செத்துப்போகும். உயர்தர மாணவர்கள் செயற்றிட்டத்துக்கு இதை விரும்பி எடுப்பதில் ஆச்சரியமில்லை. செலவு குறைவு, திருகோணமலையில் புழு தின்னும் தேசி (எலுமிச்சை) மரத்தைத் தேடி அலையவும் வேண்டாம். ஆனால் வரைபில் கடைசியாகத் தெரிவது பல வேளைகளில் வெப்பநிலையின் விளைவே அல்ல, வாடிய இலையின் விளைவு.

பெரிய தவறு இதுதான். மின்குமிழால் சூடாக்கிய பெட்டியில் தளிர் இலை சில மணி நேரத்தில் சுருண்டுவிடும். புழுவுக்கு வேண்டிய நீர் பெரும்பாலும் இலையிலிருந்துதான் கிடைக்கிறது. காய்ந்ததைத் தின்ன முடியாமல் அது பட்டினி கிடக்க, மாணவர் "35 பாகையில் வளர்ச்சி குறைந்தது" என்று எழுதிவிடுவார். காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி, காலையும் மாலையும் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் இலையை மாற்றுங்கள். ஒரே மரத்துத் தளிராகவும் இருக்கட்டும். காம்பைத் தண்ணீர்ப் போத்தலில் செருகினால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், சின்னப் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். மருந்து அடித்த மரத்து இலை வேண்டவே வேண்டாம். பெட்டி இருக்கும் அறையில் நுளம்புத்திரியும் கொளுத்தாதீர்கள். நுளம்பைக் கொல்லும் புகை புழுவை மட்டும் விட்டுவைக்குமா?

அடுத்தது, அளந்து பாராமலே 'அறை வெப்பநிலை 25 பாகை' என்று எழுதுவது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் இங்கே பகலில் 34, 35 பாகை சர்வசாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். அதற்கு மேல் 5 பாகை ஏற்றினால் நீங்கள் சோதிப்பது வளர்ச்சியை அல்ல, சாவை. மார்கழி மழையில் கதை வேறு. குறைந்த வெப்பநிலைக்குக் குளிர்சாதனப் பெட்டியும் உதவாது. 4 பாகையில் புழு தின்னாமல் அசையாமல் கிடக்கும். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை மாற்றி மாற்றி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வெப்பமானியின் குமிழ் இலையருகே இருக்க வேண்டும். சராசரி மட்டும் போதாது, நாளின் கூடிய, குறைந்த பெறுமானங்களையும் குறியுங்கள்.

சூடாக்க எல்.ஈ.டி. குமிழ் சரிவராது, பழைய இழைக் குமிழ்தான் வேண்டும். அது வெளிச்சத்தையும் சேர்த்துத் தருவதால், மற்றப் பெட்டிகளுக்கும் அதே நேர அளவுக்கு எல்.ஈ.டி. வெளிச்சம் கொடுத்தால் சரி.

மரத்தில் கண்ட புழுவையெல்லாம் பொறுக்குவதும் ஆபத்து. தேசி மரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இன வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். அவற்றில் பலவற்றின் இளம் புழுக்கள் பறவை எச்சம் போலத்தான் இருக்கும். இனமும் கலக்கும், வயதும் கலக்கும். ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே முட்டையிட்ட புழுவும் அகப்படும், அதிலிருந்து கடைசியில் குளவிதான் வரும். பூச்சி தளிரில் முட்டையிடுவதைப் பார்த்து நின்று, அன்றைய முட்டைகளை எடுப்பதே நல்லது. பெட்டிக்கு ஒன்றிரண்டு போதாது, குறைந்தது பத்து வேண்டும்.

அப்புறம் அளவீடு. தோல் கழற்றும் முன் புழு தின்பதை நிறுத்திவிடும், நிறையும் சற்று இறங்கும். ஏழாம் நாளில் எல்லாவற்றையும் நிறுத்து ஒப்பிட்டால், முந்தி வளர்ந்த புழு பிந்தியது போலத் தெரியக்கூடும். கூட்டுப்புழுவாக எத்தனை நாள் எடுத்தது, அந்தக் கூட்டுப்புழுவின் நிறை எவ்வளவு என்ற இரண்டையும் வெவ்வேறாகப் பதியுங்கள். சூட்டில் வளர்ந்தது விரைவாகவும் சிறிதாகவும் முடிவது பூச்சிகளில் பரவலாகக் காணப்படுவது. பொரித்த புதிதில் புழு ஒரு மில்லிகிராம் அளவுதான் இருக்கும், பாடசாலைத் தராசு அதைக் காட்டாது. முதல் நாட்களில் நீளத்தை அளந்தால் போதும்.

செத்த புழுக்களை அட்டவணையிலிருந்து நீக்காதீர்கள். தப்பியவற்றுக்கு மட்டும் சராசரி எடுத்தால் சூட்டுப் பெட்டி உண்மையைவிட நல்ல பெட்டியாகத் தெரியும். எந்த நாள், எந்தப் பருவம், அப்போது பெட்டியில் எத்தனை பாகை என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.